கண்ணாடி சாயும் பக்கம்

பிப்ரவரி 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இனிமேல் வெள்ளை பனியன் அணிவதில்லை, பழுப்பு பனியன் மட்டுமே அணிவது என்று நேற்று மாலை இந்த வீட்டில் ஒருமனதாக முடிவெடுக்கப்பட்டது. வீட்டில் நான் ஒருவன்தான் என்பதால் எதிர்ப்பு எழவில்லை. உன் அண்ணி இருந்திருந்தால் காரணம் கேட்டிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிவிட்டதால் தீர்மானம் விவாதமின்றி நிறைவேறியது.

நீயும் நானும் பேசுவதில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. உன் புது வீட்டுக்கு நான் போட்ட ஜன்னலைப் பார்த்து மாப்பிள்ளை, "லேசா கோணலா இருக்கே மச்சான்" என்றார். முப்பது வருடம் கண்ணாடி வெட்டியவனிடம் அப்படிச் சொன்னார். நீ அவர் பக்கம் நின்றாய். செத்தாலும் உன்னோடு பேச மாட்டேன் என்று நான் சொன்னேன், நீயும் சொன்னாய். எழுதுவதைப் பற்றி இரு தரப்பும் ஒன்றும் சொல்லவில்லை. எனவே இந்தக் கடிதத்தால் யாருடைய மானமும் போகாது.

விஷயத்துக்கு வருகிறேன். பழுப்பு பனியன் சாயம் போகும் என்று கடைக்காரன் சொல்கிறான். முதல் தடவை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்குமா? இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

மாற்றத்துக்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. இடது பக்கம் பனியனில் ஒரு கறை விழுகிறது. ஆணித் தலை அளவுதான். வெள்ளையில் பளிச்சென்று தெரிகிறது. அதற்கு அடியில் காய்ப்பு. எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் உண்டு. கண்ணாடியைத் தூக்கும்போது அடி விளிம்பு கையிலும் அதன் பரப்பு இடது மார்பிலும் சாயும். காலமெல்லாம் சாய்த்தால் அந்த இடம் தடித்துப்போகும். சந்தேகத்தைத் தீர்க்க மேஸ்திரி தன் சட்டையைக் கழற்றித் தன்னுடையதைக் காட்டினார். பிறகு மற்றவர்களும் காட்டினார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி வாங்க வந்த ஓர் அம்மா, வெற்று மார்போடு வரிசையில் நிற்கும் ஐந்து ஆண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மேஸ்திரி என்னுடையதை அமுக்கிப் பார்த்து, "இதுதாண்டா தொழில்காரன் நெஞ்சு. உங்களுதெல்லாம் சும்மா" என்று எனக்கே முதலிடம் கொடுத்தார்.

மற்றவர்களுக்குத் தோலில் இருக்கிறது. எனக்குக் காம்புக்கு அடியில், சற்று உள்ளே. காம்பும் உள்வாங்கியிருக்கிறது. வயதானால் எல்லாமே உள்வாங்கும்.

உப்பு விஷயத்துக்குப் பதில் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 7

அண்ணா,

உப்புக்கு நிற்காது. சாயம் போகும். போகட்டும்.

அந்தக் கறை என்ன நிறம்? ஆணித் தலை அளவு என்று எழுதத் தெரிந்த உனக்கு நிறத்தை எழுதத் தெரியவில்லையா? வெள்ளையில் பளிச்சென்று தெரிந்தால் அது ரத்தம். ரத்தம் கசியும் காய்ப்பை நீ எங்கே பார்த்திருக்கிறாய்?

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று உனக்கும் அப்பாவுக்கும் சொல்லப்பட்டது. வயிற்றில் இல்லை. மார்பில். பெரியம்மாவும் நானும்தான் துணி மாற்றினோம். "ஆம்பளைங்க கிட்ட போய் இதை எப்படிடி சொல்றது" என்றார் பெரியம்மா. அத்தோடு அது நம் வீட்டுச் சட்டமாகிவிட்டது. அம்மாவுக்கும் முதலில் கறைதான். அவளும் அடர்ந்த நிறத்தில் ரவிக்கை தைத்துக்கொண்டாள்.

ஆம்பளைக்கு இது வருமா என்று கேட்பாய். நானும் கேட்டேன். என்னிடம் கார் ஓட்டக் கற்க வரும் பெண்களில் ஒருத்தி டாக்டர். ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். "வரும் மேடம். ரொம்பக் கம்மி. ஆனா ஆம்பளைங்க வேற ஏதோன்னு நெனச்சு லேட்டா வருவாங்க, அதான் பிரச்சனை" என்று சொல்லிக்கொண்டே தூணில் இடித்தாள். பக்கத்து இருக்கையில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. அதை மிதிக்க மறந்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

நாளைக்கே போ. மேஸ்திரி டாக்டர் இல்லை.

பாப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இடையில் திட்டாமல் படி.

பொது டாக்டர் தொட்டுப் பார்த்தார். சிரித்த முகம் மாறியது. ஒரு சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இரண்டாம் மாடியில் மார்பகப் பிரிவு. கதவு ரோஜா நிறம். உள்ளே பெண்கள், அவர்களோடு கணவன்மார்கள். கணவன்மார்கள் எல்லோரும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸம்மா வந்து, "வீட்டம்மா எங்கே சார்? பாத்ரூம் போயிருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் "வந்துக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

எப்படி வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை. உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர் வங்கியில் வேலை பார்ப்பவராம். "உங்க வீட்ல எத்தனாவது ஸ்டேஜ்?" என்றார். தெரியவில்லை என்றேன். "கைவிட்டுடாதீங்க. இந்த நேரத்துல நாமதான் தெம்பா இருக்கணும்" என்று என் தோளைத் தட்டினார். இடது தோள். மதியம் வரை இருந்தேன். நர்ஸம்மா இரண்டு தடவை வந்து, "இன்னும் வரலையா?" என்று கேட்டார். மூன்றாவது தடவை அவர் வருவதற்குள், "பஸ்ஸைத் தவற விட்டுட்டாங்க போல" என்று வங்கிக்காரரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உன் அண்ணி செத்த பிறகு அவளுக்காக நான் காத்திருந்தது இதுதான் முதல் முறை.

அடுத்த வாரம் பார்க்கலாம்.

அண்ணன்


பிப்ரவரி 23

அண்ணா,

இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். அதற்காக உன்னை மன்னிக்க மாட்டேன்.

நேற்று நான் போய் என் மார்பை ஸ்கேன் செய்துகொண்டேன். அம்மாவுக்கு வந்து, உனக்கும் சந்தேகம் என்றால் எனக்கும் பார்க்க வேண்டுமாம். டாக்டர் மாணவிதான் கூட்டிப்போனாள், அவளே காரை ஓட்டினாள், உயிரோடு போய்ச் சேர்ந்ததே அதிசயம். எனக்கு ஒன்றுமில்லை. வருடா வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருந்தது. ஆனால் போனேன். பெயரைக் கூப்பிட்டதும் "நான்தான்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நீயும் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை போ. "பேஷண்ட் யார்?" என்று கேட்டால், "நான்தான்" என்று சொல். போகவில்லை என்றால் நான் ரயில் ஏறி வருவேன். உன் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவேன். மட்டப்பலகையோடு வருவார். உன் வீட்டு ஜன்னல் ஒவ்வொன்றையும் அளக்கச் சொல்வேன்.

பாப்பா


மார்ச் 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

மட்டப்பலகை மிரட்டல் வேலை செய்தது. "நான்தான்" என்றேன். நர்ஸம்மா என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அன்றைக்கு வராத வீட்டம்மா யார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு மேமோகிராம். இரண்டு தட்டுக்கு நடுவில் மார்பை வைத்து அமுக்கிப் படம் எடுப்பது. எனக்கு அமுக்குவதற்குப் போதுமான சரக்கு இல்லை. அந்தப் பெண் எங்கெங்கிருந்தோ சதையைத் திரட்டி, "கொஞ்சம் முன்னாடி சாயுங்க சார், இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சினாள். கண்ணாடி என்மேல் சாய்ந்துதான் பழக்கம், நான் கண்ணாடிமேல் சாய்ந்தது இப்போதுதான். அப்புறம் அல்ட்ராசவுண்ட். அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியிலிருந்து ஊசியால் சின்னத் துண்டுகள் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்டேப்ளர் அடிப்பது மாதிரி ஒரு சத்தம்.

நேற்று முடிவு வந்தது. அதுதான். அம்மாவுக்கு வந்ததேதான்.

சர்ஜன் ஒரு பெண். வயது நாற்பதுக்குள். படம் வரைந்து காட்டினார். கட்டி ஒன்றரை சென்டிமீட்டர். ஸ்கேனில் அக்குள் சுத்தமாகத் தெரிகிறது. "சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க. நல்ல விஷயம்" என்றார். இந்த ஊரில் என்னைப் பார்த்து யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மார்பை எடுத்துவிடுவார்கள். ஆண்களுக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது என்பதால் மிச்சம் வைக்க ஒன்றுமில்லையாம். அக்குளில் கட்டிக்கு வழிக்காவல் மாதிரி முதலில் நிற்கும் ஓரிரு நிணநீர் முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அவை சுத்தமாக இருந்தால் மீதியைத் தொட மாட்டார்கள். கட்டி ஹார்மோனைத் தின்று வளரும் ஜாதி. அதனால் பிறகு தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடம். பெண்களுக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். "உடம்பு திடீர் திடீர்னு சூடாகும், வேர்க்கும். கோபம் வரலாம்" என்றார். கோபம் ஏற்கெனவே இருக்கிறது என்றேன். பரம்பரையா என்று பார்க்க ரத்தமும் எடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 24 தேதி கொடுத்திருக்கிறார்.

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எப்போது கண்ணாடி தூக்கலாம்? "சில வாரம் கனமா எதுவும் கூடாது. முடிச்சு எல்லாத்தையும் எடுக்க வேண்டி வந்தா கை வீங்கும், அப்புறம் வேற வேலை பாக்கறது நல்லது" என்றார். வேற வேலை என்றால் என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. கண்ணாடி இந்தப் பக்கம்தான் சாயும், பாப்பா. வலது பக்கம் சாய்த்தால் வெட்டுகிற கை மாட்டிக்கொள்ளும்.

பட்டறையில் குடலிறக்கம் என்று சொல்லியிருக்கிறேன். குடலிறக்கத்துக்கு மரியாதை இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 15

அண்ணா,

அழுதேன். முடித்துவிட்டேன். இனி வேலை.

இருபத்து மூன்றாம் தேதி காலை நான் அங்கே இருப்பேன். பேச மாட்டேன், கவலைப்படாதே. பேசாமலே எல்லாம் செய்யத் தெரியும். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் காலால் மட்டும் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன்.

உன் மாப்பிள்ளை நேற்று எழுந்து போய் அந்த ஜன்னலை அளந்தார். கோணல் இல்லையாம். சுவர்தான் கோணலாம். "மச்சான் கிட்ட சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

அந்த சர்ஜன் "சின்னதாக இருக்கும்போதே" என்றாளே, அதைப் பிடித்துக்கொள். அம்மாவுக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை. அவள் போன நாளில் அது சின்னதாக இல்லை. நான் பார்த்தேன்.

வருகிறேன்.

பாப்பா


மார்ச் 20

பாப்பாவுக்கு,

ரயிலுக்குச் சீட்டு வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. ஆஸ்பத்திரியில் சொல்லித் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கோபப்படுவாய் என்று தெரியும். கேள். ஒரு கார் ஷோரூமுக்கு முகப்புக் கண்ணாடி. இணைப்பே இல்லாமல் ஒரே தகடு, பட்டறையின் கதவைக் கழற்றினால்தான் உள்ளே வரும். இடது முன் மூலையை நான் பிடித்தால்தான் இந்த வேலையை எடுப்பேன் என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் சொன்னார். "நீ இல்லேன்னா இது வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுவேன்டா" என்றார். பாப்பா, எனக்கு ஐம்பத்தாறு வயது. இதற்குப் பிறகு நான் இப்படி ஒன்றைத் தூக்குவேனா? என்னைப் பார்த்து யாராவது நீ இல்லேன்னா என்று சொல்வார்களா?

இரண்டு வாரம்தான். முப்பது வருடமாக அங்கே சாய்ந்த கண்ணாடியெல்லாம் இருந்துவிட்டுப் போகவில்லையா, இதுவும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

அண்ணன்


மார்ச் 24

அண்ணா,

இன்று உன்னை வெட்டியிருக்க வேண்டிய நாள்.

காலையில் பாடம் எடுக்க முடியவில்லை. மாணவியிடம் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த டாக்டர்தான். நீ தள்ளி வைத்ததைச் சொன்னேன். "எத்தனை நாள் மேடம்?" என்றாள். இரண்டு வாரம் என்றேன். "அவர் இரண்டு வாரத்துல வந்தா நல்லது" என்றாள். வந்தா என்று சொன்னாள், கவனி. அவளுக்குப் பார்க்கிங் வராது, ஆனால் ஆளைத் தெரிகிறது.

கையைக் காப்பாற்றத்தானே தள்ளுகிறாய்? அக்குள் சுத்தமாக இருக்கும்போது வெட்டினால்தான் கை மிஞ்சும் என்று அந்த சர்ஜன் சொன்னதை நீதான் எனக்கு எழுதினாய். எழுதிவிட்டு நீயே படிக்கவில்லையா?

உன்னைக் கெஞ்சுகிறேன். நான் யாரையும் கெஞ்சுவதில்லை, லைசன்ஸ் இன்ஸ்பெக்டரைக்கூட.

பாப்பா


ஏப்ரல் 29

பாப்பாவுக்கு,

பதில் போடாததற்குக் காரணம், போடும்படி ஒன்றும் இல்லை.

கண்ணாடி வந்தது. மூலையில் கீறலோடு வந்தது. ஷோரூம்காரர் ஏற்றுக்கொள்ளவில்லை. திருப்பி அனுப்பி வேறு சொல்லியிருக்கிறார்கள். ஜூன் முதல் வாரம் வருமாம். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா போன் செய்தார். "சார், வீட்டம்மா இன்னும் பஸ்ல தான் வராங்களா?" என்று கேட்டார். பஸ் கதையை வங்கிக்காரர் சொல்லியிருப்பார். இரண்டு முறை கூப்பிட்டார். அப்புறம் கூப்பிடவில்லை.

பரம்பரைக்கு எடுத்த ரத்தத்தில் ஒன்றும் இல்லை. உன் பிள்ளைகளுக்குப் பயமில்லை. இந்தக் கடிதத்தில் நல்ல செய்தி அதுதான், அதை மட்டும் படி.

கறை இப்போது பழுப்பிலும் தெரிகிறது.

அண்ணன்


ஜூன் 8, உன் சமையலறை

அண்ணா,

நீ கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்கிறது. ஒரே பக்கத்தைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறாய்.

வந்து மூன்று நாள் ஆகிறது. பட்டறையில் மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். உன் மேஸ்திரி, "யாருடா இந்தம்மா, பேசவே மாட்டேங்கறாங்க" என்று கேட்டதற்கு, தங்கச்சி, ஊமை என்று சொன்னாய். நல்லது.

நான் பேசினால் அழுதுவிடுவேன். அழுதால் நீ ஏதாவது ஜோக் சொல்வாய். நானும் சிரித்துத் தொலைப்பேன், இன்னொரு நாள் போய்விடும். அதனால் எழுதிக் கதவிடுக்கில் தள்ளுகிறேன்.

இன்று நீ குளித்துவிட்டு வந்தபோது பார்த்தேன். மூன்று மாதமாக என்னிடம் எழுத்தில் மறைத்தாய். தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குழிவிழுந்திருக்கிறது. அம்மாவுக்கும் அப்படித்தான் ஆனது. அதைப் பார்த்தது உலகத்தில் நானும் பெரியம்மாவும்தான், பெரியம்மா செத்துவிட்டார். எனவே நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், வேறு சாட்சி கிடையாது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசிவிட்டேன். பதினொன்றாம் தேதி. கண்ணாடி பன்னிரண்டாம் தேதி ஏற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டில் ஒன்றுதான்.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். நீ சம்மதம் என்று எழுதித் தள்ளும் வரை திறக்க மாட்டேன். சாப்பாடு என் பக்கம் இருக்கிறது.

பாப்பா


ஜூன் 8, கூடம்

பாப்பா,

சாப்பாட்டுக்காக இறங்கி வருகிறேன் என்று நினைத்துக்கொள். அப்படியே எல்லாருக்கும் சொல்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு நாளும் அதுதான். கண்ணாடிக்காகத்தான் தள்ளினேன் என்பது பொய்யில்லை, ஆனால் கண்ணாடி வராமல் இருந்திருந்தால் வேறு எதையாவது தேடியிருப்பேன். இரவில் கையை வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் நேற்றைவிடச் சின்னதாக இருப்பதாகத் தோன்றும். எனக்குக் கண்ணாடியில் நூலிழை வித்தியாசம் விரல் நுனியில் தெரியும். என் உடம்பில் மட்டும் தெரியாமல் போயிற்று.

பதினொன்றாம் தேதி வருகிறேன். "நான்தான்" என்று நானே சொல்வேன். நீ எதுவும் சொல்ல வேண்டாம், ஊமை.

கதவைத் திற.

அண்ணன்


ஜூலை 1

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போன மறுநாள், காயத்தில் நீர் வடிவதற்குப் போட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். தையல் நேர்க்கோடு. சர்ஜனம்மாவை எங்கள் பட்டறைக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆண்கள் வார்டில் படுத்திருந்தபோது வலதுபுறம் குடலிறக்கம், இடதுபுறம் பித்தப்பை. எனக்கு என்ன என்று கேட்டார்கள். மார்பகப் புற்றுநோய் என்று சத்தமாகவே சொன்னேன். பித்தப்பைக்காரர் தன் சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேஸ்திரியும் மற்றவர்களும் வந்தார்கள். எல்லோரும் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். "குடலிறக்கம்னு சொன்னியேடா" என்று மட்டும் மேஸ்திரி கேட்டார். அப்புறம், "அன்னிக்கு நான்தான் அமுக்கிப் பார்த்தேன்" என்றார். வெளியே போய்விட்டார். மறுநாள் நர்ஸம்மாவிடம் போய், "நான்தான் பேஷண்ட்" என்று நின்றாராம். அவருடையது காய்ப்புதான்.

ஷோரூம் கண்ணாடி பன்னிரண்டாம் தேதி காலையில் ஏறியது. என் மூலையில் புதிதாகச் சேர்ந்தவனை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். நேராக இருக்கிறதாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். சுவர் கோணல் என்பதை நானே அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

நேற்று ரிப்போர்ட் வந்தது. கட்டி மூன்று சென்டிமீட்டர். முதலில் எடுத்த இரண்டு முடிச்சிலும் புற்று இருந்ததால் அக்குளில் மீதியையும் எடுத்திருக்கிறார்கள். கீமோ பதினான்காம் தேதி தொடங்குகிறது. இடது கையில் கனமான எதையும் இனித் தூக்கக் கூடாது.

அண்ணன்